தண்ணி கெதியா கொதிக்க என்ன செய்யலாம்? – அடுப்படிக் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் நாலு பேர் தேத்தண்ணி குடிக்கக் கூடினா இந்தக் கதை எப்பிடியோ வந்திடும், அதுவும் 2022இல காஸ் இல்லாம சிலிண்டரோட கியூவில நிண்ட பிறகு எல்லாருக்கும் நெருப்பு மேல ஒரு கணக்கு வந்திட்டுது. அடிக்கடி கேக்கிற கேள்விகளையும் அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலையும் ஒரே இடத்தில போடுறன், வேணுமெண்ட கேள்விய மட்டும் பாத்திட்டுப் போகலாம்.

ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க உண்மையில எவ்வளவு சூடு வேணும்?

முதல்ல இது விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும். ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 4.2 கிலோஜூல் கிட்ட வேணும். எங்கட ஊரில பைப் தண்ணி சாதாரணமா ஒரு 28 டிகிரியில இருக்கும் எண்டு வைப்பம், 100க்குப் போக 72 டிகிரி ஏத்தோணும், அப்ப ஒரு லீற்றருக்கு கிட்டத்தட்ட 300 கிலோஜூல். இந்தக் கணக்க ஆராலும் மாத்தேலாது, பானைய மாத்தினாலும் சரி அடுப்ப மாத்தினாலும் சரி தண்ணி தன்ர 300ஐக் கேட்டு வாங்கித்தான் கொதிக்கும்.

எங்கட கையில இருக்கிறது ரெண்டே விசயம், அந்தச் சூட்ட எவ்வளவு வேகமா உள்ள குடுக்கிறம், குடுக்கிறதில எவ்வளவு வெளிய ஓடிப் போகுது. காஸ் அடுப்பில எரியிற சூட்டில பாதிக்குக் கிட்ட பானையில சேராம பக்கத்தால மேல போயிடும். அதாலதான் சமைக்கேக்க குசினி அந்த வேக்காடு வேகுது. ஒரு லீற்றருக்கு 13 கிராம் அளவு காஸ் போகும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, அதில பாதி குசினியச் சூடாக்கப் போறது.

இன்னொண்டு, ஆக்கள் கனக்க வீணாக்கிற இடம் ஒண்டு இஞ்ச இருக்கு. ரெண்டு கோப்பைத் தேத்தண்ணிக்கு ஒரு கேத்தில் நிறையத் தண்ணி வைக்கிறது. ரெண்டு கோப்பை எண்டா அரை லீற்றர் கூட வராது. பாதித் தண்ணி வைச்சா கிட்டத்தட்ட பாதி நேரம், இதுக்கு மேல ஒரு ரிக்சும் இல்ல.

மூடி போட்டா உண்மையா கெதியா கொதிக்குமா, இல்ல சும்மா சொல்லுறதா?

உண்மை, அதுவும் நினைக்கிறத விடக் கூட. தண்ணி சூடாக ஆக மேலால ஆவி போகும், அந்த ஆவி சும்மா போறேல்ல, சூட்டையும் தூக்கிக்கொண்டு போகுது. ஒரு கிராம் தண்ணி ஆவியாப் போனா 2.3 கிலோஜூல் கிட்டப் போகுது, அது ஒரு லீற்றர் தண்ணிய அரை டிகிரி ஏத்தக் காணும். அப்ப ஒரு தேக்கரண்டி அளவு தண்ணி ஆவியாப் போனா ரெண்டரை டிகிரிக்கு மேல இழப்பு. மூடாத பானையில தண்ணி கொதிக்க வைக்கிறது ஓட்டை வாளியால கிணத்தில அள்ளுற மாதிரி, வரும், ஆனா எப்ப நிறையும் எண்டு கேக்கக் குடாது.

50 டிகிரி வரைக்கும் மூடி இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் தெரியாது. 80 தாண்டினாப் பிறகுதான் ஆட்டம். சின்ன நெருப்பு, வாய் அகண்ட பானை, மேல ஃபேன் சுத்துது எண்டா கடைசிப் பத்து டிகிரிய ஏத்துறதுதான் பெரும்பாடு, சில நேரம் உள்ள வாற சூடும் வெளிய போற சூடும் சரிக்குச் சரியா வந்து தண்ணி 95இலயே நிண்டுகொண்டு கொதிக்க மாட்டன் எண்டு அடம்பிடிக்கும். அந்த நேரம் ஒரு தட்டையெண்டாலும் எடுத்து மூடி விட்டா கொஞ்ச நேரத்தில தளதள எண்டு வரும்.

மூடியத் திறந்து திறந்து பாக்கிறதும் இதில சேரும். எங்கட வீட்டில உலை வைச்சா ஆள் மாறி ஆள் வந்து திறந்து பாத்திட்டுப் போவினம், பிறகு ஏன் இன்னும் கொதிக்கேல்ல எண்டு கேப்பினம்.

நெருப்ப ஆகக் கூட்டி வைச்சா கெதியா கொதிக்கும்தானே?

கொதிக்கும், ஒரு அளவு வரைக்கும். நெருப்பு பானை அடிக்குள்ள நிக்கிற வரைக்கும் கூட்டினா லாபம். அடியத் தாண்டி பக்கத்தால நாக்கு மேல ஏறத் தொடங்கினா கூட்டுறதில பெரும்பகுதி காத்துக்குப் போகுது, பானைப் பிடியும் சுட்டுப் போகும். அவசரம் எண்டா நெருப்பைக் கூட்டலாம், காஸ் மிச்சம் பிடிக்கிறது எண்டா அடி அளவுக்கு வைக்கோணும், ரெண்டும் ஒண்டா வேணுமெண்டா அடி அகலமான பாத்திரத்த எடுத்து பெரிய பேர்னரில வைச்சு மூடி போடுங்கோ. நெருப்பு நீலமா இல்லாம மஞ்சளா எரிஞ்சா பேர்னர் ஓட்டையளுக்க அழுக்கு அடைச்சிருக்கும், முதல்ல அதத் துப்பரவாக்கோணும், அந்த மஞ்சள் நெருப்புத்தான் பானை அடியில கரியும் பிடிக்க வைக்கிறது.

பச்சைத் தண்ணி சுடுதண்ணிய விடக் கெதியா கொதிக்கும் எண்டு சொல்லுறாங்களே?

இல்ல. பச்சைத் தண்ணி 100க்குப் போறதெண்டா இடையில அந்தச் சுடுதண்ணி நிண்ட இடத்தையும் தாண்டித்தானே போகோணும், பிறகு எப்பிடி முந்தும்?

இந்தக் கதை அனேகமா ஐஸ் பக்கம் இருந்து மாறி வந்திருக்கோணும். 1963இல தன்சானியாவில எரஸ்டோ எம்பெம்பா எண்ட பள்ளிக்கூடப் பெடியன் சூடான ஐஸ்கிரீம் கலவை ஆறின கலவைய விட முதல்ல உறைஞ்சதக் கண்டு கேள்வி கேட்டு, பிறகு 1969இல டெனிஸ் ஒஸ்போர்ன் எண்ட பேராசிரியரோட சேந்து அதப் பற்றி எழுதினவர். அது உறையிற கதை, அதையே எல்லா நேரமும் நடக்குமா எண்டு இன்னும் வாதாடிக்கொண்டு இருக்கினம். கொதிக்கிறதுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல.

அப்ப வெயிலில சூடான தாங்கித் தண்ணிய எடுத்து வைச்சா மிச்சம்தானே?

கணக்குப்படி மிச்சம்தான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் மேல இருக்கிற கறுப்புத் தாங்கியில இருந்து பைப்பத் திறந்தா கை வைக்கேலாத அளவுக்கு வரும். 40 டிகிரித் தண்ணி எண்டா 72 டிகிரி ஏத்துற இடத்தில 60 ஏத்தினாக் காணும், ஆறில ஒரு பங்கு மிச்சம். ஆனா வெயிலில நாள்கணக்கா கிடந்த தாங்கித் தண்ணிய, அதுவும் தாங்கி எப்ப கழுவினது எண்டே தெரியாட்டி, தேத்தண்ணிக்கு எடுக்க எனக்கு மனம் வராது. குளிக்க, உடுப்பு ஊற வைக்க எடுங்கோ.

இதக் கதைச்சா கட்டாயம் ஆராவது கன்னியா வெந்நீரூற்றக் கொண்டு வருவினம். அந்த ஏழு கிணறும் ஒண்டுக்கொண்டு கொஞ்சம் வித்தியாசம், அனேகமா 40 டிகிரிய ஒட்டித்தான் இருக்கும், அதால அதுவும் இந்தத் தாங்கித் தண்ணி அளவுதான். தாய்க்குக் கடமை செய்ய இராவணன் வாளால குத்தி எடுத்தது எண்டு எங்கட ஊர்க்கதை, மண்ணுக்க ஆழமாப் போன மழைத்தண்ணி அங்க இருக்கிற சூட்டில காய்ஞ்சு வெடிப்புகளால மேல வருது எண்டு விஞ்ஞானம். எரிமலை ஒண்டும் இல்ல.

உப்புப் போட்டா கெதியா கொதிக்குமா?

இந்த உப்புக் கதை கேட்டாலே எனக்குச் சிரிப்புத்தான் வரும், ஏனெண்டா பாதிப் பேர் கெதியா கொதிக்கும் எண்டும் மிச்சப் பேர் பிந்திக் கொதிக்கும் எண்டும் அடிபடுவினம், ரெண்டு பக்கமும் ஒரு தேக்கரண்டி உப்புக்காக. உப்பு கொதிநிலைய ஏத்தும், அது சரி. ஆனா ஒரு லீற்றரில ஒரு டிகிரி ஏத்த 58 கிராம் உப்பு வேணும், அந்தத் தண்ணியில சோறு வைச்சா வாயில வைக்கேலாது. கறிக்குப் போடுற ஒரு தேக்கரண்டிக்கு டிகிரியில பத்தில ஒரு பங்கு ஏறும். உப்புவெளிக் கடல் தண்ணியையே அள்ளிக்கொண்டு வந்து வைச்சாலும் 100.6 கிட்டத்தான் கொதிக்கும்.

உப்புப் போட்ட உடன தண்ணி புசு புசு எண்டு பொங்கினத நான் கண்ணால கண்டனான் எண்டு சிலர் சொல்லுவினம். கண்டது உண்மை. கொதிக்கிற நிலையில நிக்கிற தண்ணிக்குள்ள உப்புக் கல் விழுந்தா அந்தக் கல்லுகளச் சுத்திக் குமிழி உருவாக இடம் கிடைக்குது, அவ்வளவுதான், அதால தண்ணி கூடச் சூடாகினதா அர்த்தம் இல்ல.

எந்தப் பாத்திரம் கெதி? அலுமினியமா, சில்வரா, மண் பானையா?

தண்ணி மட்டும் கொதிக்க வைக்கிறதெண்டா அலுமினியத்துக்கும் சில்வருக்கும் நீங்க நினைக்கிற அளவு வித்தியாசம் இல்ல. அலுமினியம் சூட்டக் கடத்துறது சில்வர விடப் பத்து மடங்குக்கு மேல கூடத்தான், ஆனா பானைத் தகடு மெல்லிசு, சூடு தடைப்படுற இடம் தகடில்ல, நெருப்பில இருந்து பானை அடிக்குச் சூடு ஏறுற அந்த இடம்தான். கறி வதக்கேக்க, பால் காய்ச்சேக்க அடிப்பிடிக்கிற விசயத்தில அலுமினியம் நல்லது, ஏனெண்டா சூடு சமனாப் பரவும். வெறும் தண்ணிக்கு பாரத்தப் பாருங்கோ, பானைய முதல்ல சூடாக்கத்தானே வேணும், ஒரு கிலோ அலுமினியத்த 28இல இருந்து 100க்கு ஏத்த 65 கிலோஜூல் போகுது, அது ஒரு கிளாஸ் தண்ணி கூட வைச்ச மாதிரி.

மண் பானை பிந்தும். சூடு மெதுவாத்தான் கடத்தும், பாரமும் கூட, ரெண்டு கிலோப் பானை எண்டா அதுவே கிட்டத்தட்ட அரை லீற்றர்த் தண்ணிக்குரிய சூட்டக் குடிச்சிடும். ஆனா இறக்கி வைச்சாப் பிறகும் கன நேரம் சூடு நிக்கும், மீன் குழம்புக்கு அதுதான் வேணும். அவசரத் தேத்தண்ணிக்கு மண் சட்டிய ஏத்திப்போட்டு கத்தாதீங்கோ.

வெளியில பிடிச்ச கரியத் தேய்ச்சா கெதியா கொதிக்குமா எண்டும் கேக்கிறவை இருக்கினம். மெல்லிசாப் பிடிச்ச கரி விறகடுப்புத் தணலின்ர சூட்ட நல்லா இழுக்கும், தடிப்பாத் தொங்கிற கரிதான் தடுக்கும். தேய்க்கிறது கைக்கும் உடுப்புக்கும் நல்லது, நேரத்துக்குப் பெரிய லாபம் இல்ல.

கரண்ட் கேத்தில் காலையில டக்கெண்டு கொதிக்குது, இரவில இழுக்குது. பழுதா?

அனேகமா கேத்திலில பழுது இல்ல, லைனில வோல்டேஜ் இறங்குது. ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில, லைன் கடைசியில இருக்கிற வீடுகளில எல்லாரும் லைட், ஃபேன், மோட்டர், ரீவி போடுற நேரம் இது தெரியும். கேத்திலுக்குள்ள இருக்கிறது வெறும் ஹீற்றர் கம்பி, அது இழுக்கிற சக்தி வோல்டேஜின்ர வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிப் போகும். 230 வோல்ட்டில 2000 வாட்ஸ் இழுக்கிற கேத்தில் 200 வோல்ட்டில 1500 சொச்சம்தான் இழுக்கும், பாருங்கோ வோல்டேஜ் இறங்கினது 13 வீதம், சக்தி இறங்கினது 24 வீதம். ஒரு லீற்றருக்கு கணக்குப்படி ரெண்டரை நிமிசம் வரவேண்டியது மூண்டு நிமிசத்தத் தாண்டும், வெளிய போற சூட்டையும் சேத்தா இன்னும் கொஞ்சம். மீற்றரில ஓடுறது கிட்டத்தட்ட அதேதான், யூனிட்டில பத்தில ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய, நேரம் மட்டும்தான் இழுக்கும்.

ரெண்டாவது காரணம் உள்ள வெள்ளையாப் படியிறது. கந்தளாய்ப் பைப் தண்ணிய விட கிணத்துத் தண்ணி பாவிக்கிற வீடுகளில இது கூட, நிலாவெளிப் பக்கம் சில கேத்திலுக்குள்ள பாத்தா சிப்பி ஒட்டின மாதிரி இருக்கும். அது சுண்ணாம்புப் படிவு, சூட்ட லேசில விடாது, ஹீற்றர் தன்பாட்டில கூடச் சூடாகி கெதியாப் பழுதாகும், தண்ணி சூடாக முதலே கேத்தில் தானா நிக்கிறதும் இதாலதான். தேசிக்காய் ரெண்டப் பிழிஞ்சு விட்டு, இல்லாட்டி கொஞ்சம் வினாகிரி விட்டு, தண்ணியோட ஒருக்காக் கொதிக்க வைச்சு ஆற விட்டுக் கழுவினா கழண்டிடும். கத்தியால சுரண்டாதீங்கோ.

இன்டக்சன் அடுப்பு?

கெதிதான். பாத்திரத்தின்ர அடியே சூடாகிறதால பக்கத்தால ஓடுற சூடு குறைவு, குடுக்கிறதில 80 வீதத்துக்கு மேல தண்ணிக்குப் போகும். ஆனா காந்தம் ஒட்டுற அடி வேணும், எங்கட வீடுகளில இருக்கிற அலுமினியப் பானை ஒண்டும் சரிவராது. கரண்ட் நிண்டா அடுப்பும் நிண்டுது.

விறகடுப்பில ஏன் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி?

விறகும் காத்தும். மாரியில வாடைக் காத்தோட மழை வந்து விறகு நனைஞ்சிருந்தா முதல்ல விறகுக்குள்ள இருக்கிற தண்ணிய ஆவியாக்கத்தான் நெருப்பு வேலை செய்யும், அந்தச் சூடு பானைக்கு வராது, புகை மட்டும் கண்ணுக்கு வரும். அதாலதான் பழைய ஆக்கள் அடுப்புக்கு மேல பரண் அடிச்சு விறகு காய வைச்சவை, சிரட்டையும் பொச்சுமட்டையும் தனிய மூட்டை கட்டி வைச்சவை. சிரட்டை நல்லா எரிஞ்சு தணல் தரும், பொச்சுமட்டை மூட்ட நல்லது, கொதிக்க வைக்கக் காணாது.

கச்சான் காத்து அடிக்கிற நேரம் முத்தத்தில அடுப்பு மூட்டினா நெருப்பு படுத்துப் போகும், பானைக்குக் கீழ நிக்கவே மாட்டுது. பார்க்க நல்லா எரியிற மாதிரித்தான் இருக்கும், விறகும் மளமள எண்டு முடியும், தண்ணி அப்பிடியே. காத்து வாற பக்கம் ஒரு தகரம் மறைச்சு வைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

கோயில் அன்னதானத்துக்கும் செத்தவீட்டுக்கும் கிடாரம் வைக்கிறவைக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். 100 லீற்றர்த் தண்ணிக்கு 30 மெகாஜூல் வேணும். நல்லாக் காய்ஞ்ச விறகு ஒரு கிலோவில 16 மெகாஜூல் அளவு இருக்கு, ஆனா மூண்டு கல்லு அடுப்பில அதில 10, 15 வீதம்தான் தண்ணிக்குப் போகும், அப்ப குறைஞ்சது 12, 13 கிலோ விறகு தண்ணி கொதிக்க மட்டும் போகும், அரிசி போட முதல். கிடாரத்தச் சுத்தி மண் குழைச்சு அடைப்பு வைச்சு, நெருப்பு பக்கத்தால ஓடாமச் செய்து, மேல தகரத்தால மூடினா இது நல்லாக் குறையும். அனுபவமுள்ள சமையல்காரர் ஒருத்தரும் கிடாரத்தத் திறந்து வைச்சுக்கொண்டு உலை காய்ச்ச மாட்டினம்.

நுவரெலியாவில தண்ணி கெதியா கொதிக்கும் எண்டு கேள்விப்பட்டன், உண்மையா?

உண்மை, ஆனா அதில சந்தோசப்பட ஒண்டும் இல்ல. மேல போகப் போக காத்தழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும், ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு டிகிரி. நாங்க கடல் மட்டத்தில இருக்கிறம், எங்களுக்கு 100. கோணேசர் கோயில் இருக்கிற எங்கட சுவாமிமலை உச்சியில நிண்டு காய்ச்சினாலும் அரை டிகிரி கூட இறங்காது. நுவரெலியா 1,868 மீற்றர், அங்க 94 கிட்டயே கொதிச்சிடும். ஆனா அந்தத் தண்ணி 94 டிகிரித் தண்ணிதான், எவ்வளவு எரிச்சாலும் மேல போகாது, பருப்பும் கடலையும் அவிய எங்கட ஊர விட நேரம் எடுக்கும். தண்ணி முந்திக் கொதிச்சும் சாப்பாடு பிந்தும். அதோட அங்க பைப்பில வாற தண்ணியே குளிரா இருக்கும், அதால தொடக்கத்திலயே பின்னுக்கு நிக்கிறீங்கள். பிரஷர் குக்கர் இதுக்கு நேர் எதிர், உள்ளுக்க அழுத்தம் கூடி 120 டிகிரி வரைக்கும் போறதாலதான் அதில கடலை அவ்வளவு கெதியா அவியுது.

கொதிக்க முதல் ஒரு இரைச்சல் வருதே, அது என்ன?

அடியில சின்னச் சின்ன ஆவிக் குமிழி உருவாகி மேல வரேக்க, மேல இருக்கிற தண்ணி இன்னும் சூடாகாததால அதுக்குள்ள உடைஞ்சு அமுங்கிப் போகுது, அந்தச் சத்தம்தான். முழுக்கக் கொதிச்சா குமிழி உடையாம மேல வரும், இரைச்சல் குறைஞ்சு கொதி சத்தம் வேற மாதிரிக் கேக்கும். அதால கேத்தில் ஆகக் கூட இரையிற நேரம் இன்னும் கொதிக்கேல்ல எண்டு அர்த்தம். அதுக்கும் முதல் ஓரத்தில ஒட்டிக்கொண்டு நிக்கிற சின்னக் குமிழி எல்லாம் தண்ணிக்குள்ள கரைஞ்சிருந்த காத்து, அதப் பாத்து கொதிச்சிட்டுது எண்டு இறக்கக் குடாது.

கொதிச்சாப் பிறகும் நெருப்பைக் கூட்டி வைச்சா சோறு கெதியா அவியுமா?

அவியாது. இதுதான் குசினியில காஸ் ஆகக் கூட வீணாகிற இடம் எண்டு நான் சொல்லுவன். கொதிக்கத் தொடங்கினா திறந்த பானையில தண்ணி 100இலயே நிக்கும், மெதுவாக் கொதிச்சாலும் 100, துள்ளித் துள்ளிக் கொதிச்சாலும் 100. கூடக் குடுக்கிற சூடெல்லாம் ஆவியாப் போகுது. ஒரு லீற்றர 28இல இருந்து கொதிக்க வைக்க 300 கிலோஜூல், அதையே முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல், ஏழு மடங்குக்கு மேல. இந்த ஒளிஞ்சிருக்கிற சூட்ட 1760களில ஸ்கொட்லாந்தில ஜோசப் பிளாக் எண்டவர்தான் முதல்ல சரியா அளந்து சொன்னவர். அதால உலை கொதிச்சு அரிசி போட்டுத் திரும்பக் கொதி வந்தா நெருப்பைக் குறைச்சு மூடியச் சரிச்சு வையுங்கோ, சோறு அதே நேரத்தில அவியும்.

குடிக்கிற தண்ணிக்கும் இதுதான். நல்லாத் துள்ளிக் கொதிச்சு ஒரு நிமிசம் நிண்டாக் கிருமிக்குக் காணும், பத்து நிமிசம் விட்டு குசினிய ஆவியால நிரப்பத் தேவையில்ல. சவர்த் தண்ணிய மட்டும் எவ்வளவு கொதிக்க வைச்சாலும் சவர் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.

பால் மட்டும் ஏன் பொங்கி வழியுது, தண்ணி வழியேல்லயே?

பாலில புரதமும் கொழுப்பும் மேல ஆடையாப் படியுது, குமிழி வந்தாலும் லேசில உடையாது, ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கி ஏறும். தம்பலகாமத்து எருமைப்பால் மாதிரிக் கொழுப்புக் கூடின பால் காய்ச்சினவைக்கு ஆடை எப்பிடிப் படியும் எண்டு சொல்லத் தேவையில்ல. தைப்பொங்கலுக்கு இது வேணும், மற்ற நாளில அகப்பையால கிண்டி ஆடைய உடைச்சு விடுங்கோ.

மைக்ரோவேவில தண்ணி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனா கவனம். வழுவழுப்பான கோப்பையில குமிழி வர இடமில்லாம தண்ணி 100ஐத் தாண்டியும் அமைதியா நிக்கும், எடுத்து தேயிலைப் பையப் போட்ட உடன ஒரேயடியாப் பொங்கி மூஞ்சையில அடிக்கும். வைக்கிறதெண்டா உள்ள ஒரு மரக்குச்சிய நிப்பாட்டி வையுங்கோ, எடுக்க முதல் ஒரு நிமிசம் ஆற விடுங்கோ.

ஒருக்காக் கொதிச்சு ஆறின தண்ணி திரும்ப வைச்சா முந்திக் கொதிக்குமா?

முழுக்க ஆறியிருந்தா அதே நேரம்தான், கரைஞ்சிருந்த காத்து போனதால ஓரத்தில குமிழி குறைவாத் தெரியும், அவ்வளவுதான். வெதுவெதுப்பா இருக்கேக்க வைச்சா அந்த அளவுக்கு முந்தும். நாளைக்கு நாலைஞ்சு தரம் தேத்தண்ணி போடுற வீடெண்டா காலையில ஒரேயடியாக் கொதிக்க வைச்சு சுடுதண்ணிப் போத்தலுக்க ஊத்தி வைக்கிறதுதான் மலிவு, போத்தல முதல்ல கொஞ்சச் சுடுதண்ணியால அலசிப்போட்டு கழுத்து வரைக்கும் நிரப்போணும், பாதிப் போத்தல் கெதியா ஆறிடும்.